வயலின் இல்லாத இருமல்

அவள் திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழர் இளம்பரிதி வெளியே போய்விட்டார்.

எந்த ஊரிலும் அவர் படத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. முன்னுரை பேசுவார். படத்தைவிட நீளமாகப் பேசுவார். விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடுவார். படைப்பாளி தன் படைப்புக்கு முன்னால் உட்காரக் கூடாதாம்.

கட்டடத்துக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிக்கலாமாம்.

மேடையில் மட்டும் பீடி. தோழமைக்காக.

‘வியர்வைத் திரை’ இயக்கம் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அவள் ஊருக்கே வந்திருந்தது. சமுதாயக் கூடத்து ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இருட்டாக்க வேறு வழி கிடைக்கவில்லை. தரை நிறையப் பெண்கள். பாதிப் பேர் மடியில் பீடித்தட்டு. இருட்டிலும் விரல்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் அவள் அம்மா, முப்பிடாதி.

படம் அம்மாவைப் பற்றியதுதான். யோசித்தது அவள். எடுத்தது அவள். வெட்டி ஒட்டியது அவள். தொடக்கத்தில் ‘எழுத்து, இயக்கம்: இளம்பரிதி’ என்று வரும். கடைசியில் வரும் நன்றியில் டீக்கடைக்குக்கூடப் பெயர் உண்டு. அவள் ‘மற்றும் தோழர்கள்’.

அதைப் பொறுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு காட்சியைத் தோழரே எடுத்திருந்தார். அவள் பேட்டரி எடுக்க வேன்வரை போயிருந்த நேரம். அம்மாவின் இருமல் காட்சி. அம்மாவின் சேலையில் மைக் குத்தியிருந்ததை மறந்துவிட்டார். பதிவானதைக் கேட்டுப் பார்க்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

அவள் கேட்டாள். படத்தொகுப்பின்போது, காதில் ஹெட்போனோடு.

கேட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு வயலினைப் போட்டு மூடினாள். போன ஊரிலெல்லாம் ஜனங்கள் அந்த வயலினுக்குத்தான் அழுதார்கள்.

அவரைக் காப்பாற்ற மூடவில்லை. இந்த ஊர் வரட்டும் என்று மூடினாள்.

இன்று காலை வயலினை எடுத்துவிட்டாள்.

திரையில் அம்மா இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “தண்ணி, தண்ணி” என்றாள்.

பிறகு அந்தக் குரல்.

“யாரும் தண்ணி குடுக்காதீங்க. இன்னும் ரெண்டு இருமட்டும். இந்த இருமல்தான்பா நமக்கு அவார்டு.”

கூடத்தில் விரல்கள் நின்றன. அந்த ஊரில் சாவு வீட்டில்கூட அவை நிற்பதில்லை.

“யாத்தே, இது அவரு தொண்டைல்லா!”

“சும்மா இரு செல்லக்கனி. படம் முடியட்டும்.”

முப்பிடாதி திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்தது. விளக்கு வந்தது. யாரும் கைதட்டவில்லை.

தோழர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒவ்வொரு ஊரிலும் துடைப்பார். நிசப்தத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். கைதட்டலைவிட உயர்ந்த விருது அதுதான் என்று பேட்டிகளில் சொல்பவர் அவர்.

“உங்களை ரொம்ப உலுக்குன இடம் எது? கூச்சப்படாம சொல்லுங்க தாய்மார்களே.”

முதல் மைக் முப்பிடாதிக்குப் போனது.

அம்மா அதை வாயருகே பிடித்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். இருமினாள்.

வந்த இருமல் இல்லை. வரவழைத்த இருமல்.

இன்னொன்று.

மைக்கைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினாள். அவளும் இருமினாள், இரண்டு தடவை. அடுத்தவளும். அதற்கு அடுத்தவளும்.

தோழர் நெகிழ்ந்துபோனார். மக்கள் கலையோடு ஒன்றிவிட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்து விரலைச் சுழற்றினார். எடு, எடு.

அவர் உள்ளே நுழைந்தபோதே கேமரா ஓடத் தொடங்கியிருந்தது.

மைக் செல்லக்கனியிடம் வந்தது. அவள் இருமவில்லை.

“போதுமா தோழர்? இல்ல, அவார்டுக்கு இன்னும் ரெண்டு இருமணுமா?”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. திரையைப் பார்த்தார். முப்பிடாதியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது.

நிஜ இருமல்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைப் பக்கம் கையை நீட்டினார். லேப்டாப் அருகில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது.

அவள் அதை எடுத்துத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஃபோகஸைச் சரிசெய்தாள்.