நிரஞ்சலா சொல்லாமல் விட்டது

டென்மார்க்கின் வைலே நகரில் பின்னேர வெயில் யன்னல் திரையைத் தாண்டி வந்து, ஒருவரும் தொடாத தேத்தண்ணிக் கோப்பைகளில் மங்கிக் கிடக்கிறது. கடையில் களவெடுத்த கூட்டத்தோடு பிடிபட்ட நாளிலிருந்து பதினாறு வயது நிரஞ்சலா மாவட்ட நிர்வாகத்தின் கண்காணிப்பில் இருக்கிறாள். அதற்காக வீட்டுக்கு வந்திருக்கிற சமூகசேவை அதிகாரி கிர்ஸ்டன், டெனிஷில் மெதுவாக, நீளமாகக் கதைக்கிறாள். அந்தப் பாஷை விளங்காத தாய் பிலோமினா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னவாம்?" என்று மகளைக் கேட்கிறாள். "வடிவாப் படிக்கட்டாம்." அவ்வளவு நீளக் கதைக்கு இவ்வளவுதானா? மகள் மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருக்கிறாள். கிர்ஸ்டனின் கண் சுவரில் இருக்கிற பிலோமினாவின் கணவரின் படத்தில் போய் நிற்கிறது. வருசக்கணக்காய் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்கிற மனிசனை வரவிடாமல் பண்ணத்தான் இவள் துருவுகிறாளோ? அந்த நேரம் 'வெக்' என்ற சொல் காதில் விழுகிறது. பிலோமினா வேலை செய்கிற மீன் தொழிற்சாலையில் பழுதான மீனைக் காட்டி மேற்பார்வைக்காரன் சொல்லுகிற சொல் அது. அப்புறப்படுத்து என்று அர்த்தம். பிலோமினா மகளின் கையை எட்டிப் பிடிக்கிறாள். "உன்னைக் கொண்டுபோகப் போறாவோ? உள்ளதைச் சொல்லு." நிரஞ்சலா தலை நிமிரவில்லை. "அவ ஒண்டும் கேக்கேல்லை அம்மா. என்னை விடுதியில விடச் சொல்லி நான்தான் கேட்டனான்." பிலோமினா பிடித்த கையை விடவில்லை, கிர்ஸ்டனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மகளைப் பார்க்கிறாள்.