எட்டாம் மதகு

மைசூர்பாகுப் பெட்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு, வெற்றிச்செல்வன் இரண்டாவது முறையாக அழைப்பு மணியை அழுத்தினான். கதவைத் திறந்த ஜெகதாம்பாள் பெட்டியைப் பார்த்தார். அவனுடைய இஸ்திரி கலையாத சட்டையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்துகீறியா? ஊட்ல பெரியவங்க யாரும் வர்லியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கம்மா! உங்க பொண்ணு ஷர்மிளாகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"மன்னிப்பா? அப்போ பெட்டி சின்னதா கீதே," என்று சொல்லிவிட்டு, மாடிப்படியைக் கை காட்டினார்.

படியேறும்போது அவனுக்குக் கால் கூசியது. திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியில் அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை. கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் ஒரு வால்வுக்குக்கூடக் கையெழுத்துப் போடமாட்டான் என்று பெயர். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இணையத்தில் விமர்சனம் எழுதுவான். நாலாயிரம் பேர் படிக்கிற பக்கம்.

அதில் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. கேமை ஒரு விலைக்கு விற்றுவிட்டு, மிச்சக் கதையை 'டிஎல்சி' என்று தனியாக விற்பது அயோக்கியத்தனம். அதற்குப் பத்துப் பைசா தரமாட்டான். 'சாப்பாட்டுக்குக் காசு வாங்கிவிட்டு ரசத்துக்குத் தனி பில்லா?' என்று எழுதிக் கைதட்டல் வாங்கியவன்.

ஷர்மிளா இந்தப் பருத்திப்பட்டு மாடியில் தனி ஆளாக உட்கார்ந்து, மூன்று வருடத்தில் 'மதகு' என்று ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்திருந்தாள். ஆடுகிறவர் ஏரிக் காவல்காரனாக மாறி ஏழு மதகுகளைக் காப்பாற்ற வேண்டும். போன மாதம் அதற்கு 'எட்டாம் மதகு' என்று ஒரு டிஎல்சி வந்தது. வந்த மூன்றாம் நாளே வெற்றிச்செல்வன் கேமையும் டிஎல்சியையும் சேர்த்துக் கிழித்துத் தொங்கவிட்டான்.

நேற்று நண்பன் யூசுப் போன் செய்தான். "மாமே, மதகு கேம் பண்ணுச்சே ஒரு பொண்ணு, அது கடைய மூடிடுச்சாம். அம்பத்தூர்ல பில்லு போடற சாஃப்ட்வேர் கம்பெனில வேலைக்குப் போவுதாம். எல்லாம் உன் எழுத்தோட மகிமை!"

யூசுப் சிரித்தான். வெற்றிச்செல்வனுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

மாடி அறையில் கம்ப்யூட்டர் பழைய போர்வைக்குள் மூட்டையாகக் கிடந்தது. அவன் தன் பெயரைச் சொன்னதும் ஷர்மிளா அவனை உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து நாலு தாள்களை எடுத்து வந்தாள். அவனுடைய விமர்சனம்தான். பிரிண்ட் எடுத்து, சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தாள்.

"ஒண்ணாவது, ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே வசனத்தையே சொல்லிக்கினு இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. கரெக்ட் சார்."

அவன் தலை நிமிரவில்லை.

"மூணாவது, ஒரு லெவல் ஏற முந்நூறு நண்டு அடிக்கணும், இது கேமா மீன் மார்க்கெட்டான்னு கேட்டிருந்தீங்க. எங்கம்மாவே சிரிச்சாங்க. அஞ்சாவது, எந்தப் பதிலச் சொன்னாலும் கதை ஒரே எடத்துக்குத்தான் போவுது, அப்புறம் எதுக்குக் கேள்வின்னு. அதுவும் நாயம்தான்."

"மேடம், போதும்..."

"ஏழாவது—"

"அத விடுங்களேன்," என்றான் அவசரமாக. அந்த ஏழாவதை மட்டும் அவள் வாசிக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அவள் விடாமல் வாசித்தாள். "'எட்டாம் மதகை ஆறு மணி நேரம் உட்கார்ந்து முடித்தேன். கடைசியில் காவல்காரன் மதகைத் திறக்கும் காட்சி சப்பென்று இருக்கிறது. இதைச் செய்தவர் வேறு வேலை பார்க்கலாம்.'"

வெற்றிச்செல்வனுக்குக் காது மடல் சுட்டது. மைசூர்பாகுப் பெட்டியை இரண்டு கையாலும் மேஜையில் வைத்தான்.

"வார்த்தை ரொம்ப ஓவர். ஒருத்தரோட மூணு வருஷ உழைப்ப அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் எழுதினதப் படிச்சுட்டு யாரும் வாங்காமப் போயிட்டாங்க. நீங்க கடைய மூடினதுக்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சிடுங்க."

"ஐயையோ, அப்படியெல்லாம் நெனைக்காதீங்க," என்று பதறினாள் ஷர்மிளா. "உங்க விமர்சனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சும்மா மரியாதைக்குச் சொல்றீங்க."

"எங்கம்மா மேல சத்தியமா. நீங்க எழுதறதுக்கு மொத நாளே நான் அந்த வேலைக்கு மனு போட்டாச்சு."

நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று எழுந்து போனதுபோல் இருந்தது அவனுக்கு. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். கீழேயிருந்து காப்பி மணம்கூட வந்தது.

"அப்போ எதுக்குத்தான் மூடினீங்க?"

ஷர்மிளா நாலு தாள்களையும் பதமாக மடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் அவனுக்கு எதிரில் வைத்தாள்.

"எட்டாம் மதகு வந்து இன்னியோட முப்பத்தொரு நாள் ஆவுது. இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்கூட அத வாங்கல, சார்."