பொட்டலத்தின் மேல் பெயர்

"ஜில்தா, இது என்ன? எங்க கடைப் பேரை ஒட்டி வச்சிருக்கே?"

ஜில்தா கடைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலத்தை ஒர்னெல்லா மேசைமேல் போட்டாள். பச்சை லேபிளில் கொட்டை எழுத்து: 'எர்மெஸ் கறிக்கடை. அசல் பன்றிக்கறி சல்சிச்சா.'

எர்மெஸ் ஒர்னெல்லாவின் கணவர். ஊர்க் கறிக்கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர்.

ஜில்தா கடையிலோ கறி என்ற பேச்சே கிடையாது. சல்சிச்சா என்கிற கறிக் குழலைப் போலவே, கொண்டைக்கடலையையும் காளானையும் அரைத்துக் குழல் குழலாக உருட்டி விற்கிறவள். அதற்குக் 'காய்கறி சல்சிச்சா' என்று பேர் வைத்திருந்தாள். செடியில் விளைந்ததற்குக் கறியின் பேர் கூடாது என்று சட்டம் வந்ததும், 'கடலைக் குழல்' என்று மாற்றிக்கொண்டாள். அந்தச் சட்டம் வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியதே ஒர்னெல்லாதான்.

அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு குழலைப் பிட்டாள். உள்ளே கடலைத் தோல்.

"அது விக்கறதுக்கு இல்லேக்கா."

"பின்னே? மியூசியத்துல வைக்கவா? லேபிள் ஏது? திருடினியா?"

"இல்லே."

"அப்போ யார் குடுத்தா?"

ஜில்தா, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். "அதைச் சொல்ல மாட்டேன்க்கா. தப்பு என்மேலயே இருக்கட்டும்."

ஒர்னெல்லா போன் பண்ணினாள். கால் மணி நேரத்தில் நகராட்சி உணவு ஆய்வாளர் மலாகோலி வந்து நின்றார்.

"கறிப் பேரை வச்சா அபராதத்தோட போயிடும்மா. இன்னொருத்தர் கடைப் பேரையே ஒட்டியிருக்கே. உரிமமே போயிடும். யாருக்காக எடுத்து வச்சேன்னாவது சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லே சார்."

மலாகோலி பொட்டலத்தைப் பைக்குள் போட்டு, ஒர்னெல்லா பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வாங்கம்மா. புகார்ல உங்க கையெழுத்து இல்லாம இது நகராது."

இரவுச் சாப்பாட்டில் ஒர்னெல்லா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். எர்மெஸ் கையிலிருந்த முள்கரண்டி பாதியில் நின்றது.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"நாளைக்கு. ஏன் எர்மெஸ், லேபிள் உங்க டிராயர்ல பூட்டித்தானே இருக்கு? அவ கைக்கு எப்படிப் போச்சு?"

எர்மெஸ் ரொட்டியைப் பிய்த்தார். "விட்டுடேன், ஒர்னெல்லா."

அந்த 'விட்டுடேன்' போதுமானதாக இருந்தது.

வியாழன் மத்தியானம் கறிக்கடைக்கு விடுமுறை. சீட்டாடப் போகிறேன் என்று கிளம்புவார். திரும்பி வரும்போது ஒரு வாரம்கூட ஒயின் வாசனை வந்ததில்லை. ஜில்தாவுக்கு நாற்பத்திரண்டு வயசு. தனி ஆள். இடுப்பு இன்னும் இடுப்பாகவே இருந்தது.

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா?

காலையில் கண் விழித்தபோது எர்மெஸ் வீட்டில் இல்லை. ஒர்னெல்லா உதட்டுச் சாயத்தை அழுத்திப் பூசிக்கொண்டு, ஒன்பது மணிக்கு ஆபீசில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர். நாலு பேரும் தெரிந்த முகம்.

"பேனா எங்கே?"

"உக்காருங்கம்மா. உடம்பு இப்போ எப்படி இருக்கு? நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்களே?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இனிமே கறியைத் தொடாதே, கடலை தின்னுன்னாரு டாக்டர். கறிக்கடைக்காரர் பெண்டாட்டி கடலை தின்னா ஊர் சிரிக்காதா? செத்தாலும் மாட்டேன்னுட்டேன். மூணு வருஷமா வாரம் ரெண்டு நாள் எங்க சல்சிச்சாதான். அவர் கையாலயே சுட்டுத் தருவாரு, என்னை அடுப்புப் பக்கமே விட மாட்டாரு. போன மாசம் ரத்தம் பார்த்தா, கொழுப்பு பாதியா இறங்கியிருக்கு. டாக்டருக்குப் பேச்சே வரலே."

மலாகோலி சிரிக்கவில்லை. ஒரு தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நான் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு. சங்கத் தலைவர் பதவியை ராஜினாமா பண்ணிட்டு, இதையும் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

எர்மெஸின் கோணல் எழுத்து. 'லேபிள் என்னுடையது. மசாலாவும் என்னுடையது. ஒட்டச் சொன்னவன் நான். ஜில்தா வேண்டாம் என்றுதான் சொன்னாள். மூன்று வருடமாக வியாழன்தோறும் நான் மட்டுமே வாங்கினேன். இதனால் ஏமாந்தவர் ஒரே ஒருவர். என் மனைவி ஒர்னெல்லா.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

மலாகோலி பேனாவை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "சட்டப்படி ஏமாந்தவங்க நீங்கதாம்மா. நீங்க கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணு கடையை மூட வேண்டியதுதான். போடறீங்களா?"

ஒர்னெல்லா பேனாவை மூடி வைத்தாள். பின்னால் நின்ற நாலு பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

"யார் ஏமாந்தா? எனக்கு முதல் வாரமே தெரியும். கடலைன்னு தெரிஞ்சேதான் தின்னேன், எழுதிக்குங்க."