செத்தவள் கோட்டு

கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

கறுப்புப் பட்டு. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு. உள்பக்கம் மயில் கழுத்து நிறத்தில் இன்னொரு பட்டு.

முப்பது வருஷமாக இப்படிப் பழைய பட்டுக் கோட்டுகளைச் சேர்க்கிறாள். நேற்றுவரை ஒன்றைக்கூட உடுத்தியதில்லை.

உடுத்தக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். வேர்வை பட்டால் பட்டு இற்றுப்போகும். ஹேங்கரில் மாட்டினால் தோள் கிழியும். மல் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பில் விழாமல் வேறு இடம் பார்த்து மடித்து வைக்க வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்துக்கொள்வார்களா, சந்தேகம்தான்.

மொத்தம் ஒன்பது.

மீதி எட்டும் வீட்டுக்குப் பின்பக்கம் கிடக்கின்றன. பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி, சருகுக் குவியலுக்குப் பக்கத்தில். மண்ணெண்ணெய் கேனும் தயார். விருந்தாளிகள் கிளம்பியதும் கொளுத்துவதாக ஏற்பாடு.

எல்லாம் அவள் எழுதியதால் வந்த வினை.

குன்னூரில் எந்தப் பழைய பங்களாவைக் காலி செய்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். தந்தி ஆபீஸில் வேலை பார்த்தபோது லீவு போட்டுவிட்டுப் போனாள். ஓய்வு பெற்றபின் குடையை எடுத்துக்கொண்டு போனாள். கிடைத்த ஒவ்வொரு கோட்டின் உள்பக்கமும் ஒரு துணிச்சீட்டு தைப்பாள். யாருடையது, எந்த வீடு, பிறந்த வருஷம்.

அதோடு விட்டிருக்கலாம். செத்த வருஷத்தையும் எழுதினாள்.

எழுதாவிட்டால் அது வெறும் பழைய துணி. எழுதினால்தான் அது ஒருத்தியின் கோட்டு. சேர்க்கும் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் இது புரியும்.

போன வாரம் அண்ணி கோமளவல்லி அவள் அலமாரியைத் திறந்தாள். மகனுக்கு நிச்சயம், வீட்டை ஒழுங்கு பண்ணுகிறாளாம். சீட்டு சீட்டாகப் படித்தாள்.

"செத்தவ துணிய அடுக்கி வச்சிருக்கற வீட்லயா என் பையனுக்குத் தட்டு மாத்தறது?"

இவளும் விடவில்லை. பட்டுக்குத் தீட்டில்லை என்று சொல்லி, வருஷம் முழுக்கத் துவைக்காத பட்டுப்புடவையில் பூஜை பண்ணுவது யார்? செத்துப்போன அம்மாவின் வளையல் இப்போது யார் கையில் கிடக்கிறது? தங்கத்துக்கு மட்டும் சாவு ஒட்டாதோ?

அண்ணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் நல்லவர்தான், அண்ணி பேசாத நேரத்தில். இன்று விடியற்காலை வந்து அவரே மூட்டை கட்டினார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார், சபைக்கு வராதே, பின்னறையிலேயே இரு என்று. கல்யாணம் ஆகாத அத்தை. அவளை யார் தேடப்போகிறார்கள் என்ற தைரியம்.

அவர் மூட்டை கட்டுவதற்குள் கட்டிலுக்கடியில் ஒன்றை மட்டும் தள்ளிவிட்டிருந்தாள். அதைத்தான் இப்போது உடுத்தியிருக்கிறாள். எரியப்போகிற துணிக்குச் சட்டம் என்ன வேண்டியிருக்கிறது.

நேரே வாசலுக்கு நடந்தாள்.

தை மாதப் பனி. பெண் வீட்டார் வேன் அப்போதுதான் வந்து நின்றது. சிவகாசிக்காரர்கள். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த ஜனம். ஒருத்தர் தோளிலும் ஒரு சால்வை இல்லை.

பெண் நிரஞ்சனா இறங்கினாள். அலங்காரமெல்லாம் ஜோராகத்தான் இருந்தது. உதடுதான் நீலம் பாரித்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

அத்தை சண்டை போடத்தான் வாசலுக்கு வந்திருந்தாள். ஊரே பார்க்கட்டும் என்றுதான் உடுத்தியிருந்தாள். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் கை தானாகப் பொத்தான்களை அவிழ்த்தது.

கோட்டைக் கழற்றிப் பெண்ணுக்குப் பின்னால் பிடித்தாள். நிரஞ்சனா ஒரு கையை நுழைத்தாள்.

அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

மறைத்துக் கொடுக்க அத்தைக்கு மனம் வரவில்லை. என்ன, திருடிக்கொண்டா வந்தாள்?

"அம்மாடி, இது செத்துப்போன ஒரு டாக்டரம்மாவோட கோட்டு. அறுபத்தொண்ணாம் வருஷம் போயிட்டாங்க. தெரிஞ்சு போட்டுக்கறதுன்னா போட்டுக்க."



நிச்சயம் நின்றால் அவளால்தான் நின்றது. எட்டும் எரியும், இதுவும் எரியும். இந்த வீட்டில் அவளுக்குப் பின்னறையும் இருக்காது. ஆனாலும் கோட்டைப் பிடித்த கையை இறக்கவில்லை.

நிரஞ்சனா அவளைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

இன்னொரு கையையும் நுழைத்தாள்.

"எங்கம்மாவுக்கும் குளிருதுங்க. இன்னொண்ணு இருக்கா?"



"எட்டு இருக்கு" என்றாள் அத்தை. பிறகு திரும்பாமலே சொன்னாள். "அண்ணே, பின்னாடி இருக்கற மூட்டையப் பிரிங்க. சம்பந்தியம்மாவுக்கு நல்லதா ஒண்ணு கொண்டாங்க."

சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தாள்.

அண்ணன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.