தெய்வானை என்கிற படகு

படகுக்கு யார் பெயரை வைக்கட்டும் என்று போனில் படகுக்காரர் கேட்டார்.

அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். மாமனாருக்கு ஸ்பானிஷ் புரியாது. ஆனால் எல்லாம் காதில் விழுந்தாக வேண்டும்.

மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாயில் ஒவ்வொரு படகின் நெற்றியிலும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். வளைவு கட்டி, பூ ஒட்டி, கல்யாண மண்டப வாசல் மாதிரி. விசேஷத்துக்கு எடுத்தால், கேட்கிற பெயரை எழுதித் தருவார்கள்.

அவன் விஷயத்தைத் தமிழில் சொன்னான்.

“பாப்பா பேரைப் போட்டுருங்க மாப்ள,” என்றார் மாமனார். “உங்க பேரையும் பக்கத்துல போட்டுருங்க. சோடியா இருக்கட்டும்.”

அவர் பாப்பா என்றது அவன் மனைவியை. எதிரே உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள் அவள்.

“அம்மா பேரு போதும்ப்பா. விசேஷம் உங்களுது.”

அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். தெய்வானை. படகுக்காரர் அழகான பெயர் என்றார். சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெட்கம்.

அவள் எட்டு மாதத்துக்கு முன்பு அவனையும் இந்த வீட்டையும் விட்டுப் போனவள். அப்பா அம்மாவுக்கு அது தெரியாது.

ஈரோட்டில் அப்பாவும் அம்மாவும் மெக்சிகோவுக்கு டிக்கெட் போட்ட பிறகு, ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். மூன்று வாரம் ஆகிறது.

இரவில் அவளுக்குக் கட்டில். அவனுக்குத் தரை. முதுகுக்கு நல்லது என்று மாமியாரிடம் சொல்லி வைத்திருந்தான். மறுநாளிலிருந்து மாமியாரும் தரையில் படுக்க ஆரம்பித்துவிட்டார். முதுகு பரவாயில்லையாம்.

மாமனாருக்கு அறுபது. திருக்கடையூரில் நடக்க வேண்டிய மணிவிழா. நட்சத்திரம் மெக்சிகோ பயணத்துக்குள் வந்து விழுந்துவிட்டது. யூட்யூபில் பூப்படகைப் பார்த்தவர், இதிலேயே தாலி கட்டுகிறேன் என்றுவிட்டார்.

ஈரோட்டு ஐயர் வீடியோவில் மந்திரம் சொல்ல ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. கலசத் தண்ணீரை மகளும் மருமகனும் சேர்ந்து பிடித்து ஊற்ற வேண்டும். ஒற்றை ஆளாக ஊற்றக் கூடாது.

அவளுக்கும் ஒரே ஒரு நிபந்தனைதான். வந்த அன்றே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

படகு வரைக்கும் இருக்கேன். கரை இறங்கினதும் அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்.

அவன் சரி என்றான்.

அன்றிலிருந்து அவன் ஏற்பாடு செய்துகொண்டே இருந்தான்.

படகில் ஹோமம் வளர்க்கலாமா என்று கேட்டான். மரப்படகு, கூடாது என்றார்கள். சோளம் சுட்டு விற்கிற படகொன்று பக்கத்திலேயே வரும், அதில் அடுப்பு உண்டு, அதில் வேண்டுமானால் வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐயரிடம் கேட்டான். சோளத்தை இறக்கி வைத்தால் சரி என்றார்.

கெட்டிமேளத்துக்கு ஆள் இல்லை. வாத்தியக்காரர்கள் தனிப் படகில் வருவார்கள். பெரிய தொப்பி, எக்காளம், கிடார். அவன் கையைத் தூக்கியதும் எல்லாரும் சேர்ந்து தாறுமாறாக வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்தான். தாறுமாறாக வாசிக்க எங்களுக்கு வராது, என்று அவர்களுடைய தலைவர் வருத்தப்பட்டார்.

ராகு காலத்தை மாமனார் ஈரோட்டு மணிக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவன் அதை மெக்சிகோ மணிக்கு மாற்றினான். கிழமையே மாறிப்போனது. அதை வைத்து இரண்டு நாள் ஓடியது. அந்த இரண்டு நாளும் அவள் அவனோடு பேசினாள். ராகு காலம் பற்றித்தான். இருந்தாலும் பேசினாள்.

எலுமிச்சை சாதமா, புளி சாதமா. அதில் ஒரு சாயங்காலம் போனது.

மாலைக்கு சாமந்தியா, ரோஜாவா. ஒரு சனிக்கிழமை முழுக்க.

பூச்சந்தையில் அவள் ஒரு சாமந்தியை எடுத்து முகர்ந்து அவனிடம் நீட்டினாள். பிறகு நினைவு வந்தவளாக, அதைக் கூடையிலேயே போட்டுவிட்டாள்.

இப்போது பட்டியலில் அநேகமாக எல்லா வரியும் அடித்தாகிவிட்டது.

படகு எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும் என்றார் போனில் இருந்த படகுக்காரர்.

அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டான் அவன்.

நாலு மணி நேரம்.

நாலு.

அவள் நாலு என்று எழுதினாள்.

வேறு ஏதாவது உண்டா?

அவன் ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனான்.

“இதைவிட மெதுவாகப் போகிற படகு இருக்கிறதா?” என்று ஸ்பானிஷில் கேட்டான்.

படகுக்காரர் சிரித்தார். எஞ்சினே கிடையாது ஐயா, ஓர் ஆள் கழி ஊன்றித் தள்ளுகிறான், இதற்கு மேல் எப்படி மெதுவாக?

“அப்படியென்றால், தள்ளுகிறவர் வயசானவராக இருக்கட்டும். ரொம்ப வயசானவராக.”

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு படகுக்காரர் போனை வைத்துவிட்டார்.

“என்னங்க மாப்ள கேட்டீங்க?” என்றார் மாமனார்.

அவனுக்கு ஒரு பொய்யும் வரவில்லை. மூன்று வாரத்தில் எல்லாப் பொய்யும் தீர்ந்துவிட்டிருந்தது.

இந்த வீட்டில் அவனைவிட நன்றாக ஸ்பானிஷ் தெரிந்தவள் அவள்தான்.

“பத்திரமாத் தள்ளுற ஆளா அனுப்பச் சொல்றாருப்பா,” என்றாள்.

“அதுவுஞ் சரிதான்,” என்றார் மாமனார்.

அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று மணி நேரம் என்று எழுதினாள்.