எதிரணிக்கு ஒரு பாயிண்ட்

வேனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பேசியே பேர் வாங்கிய விவாதக் குழு அது. காலையில் போகும்போது, "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்கப்பா, ஹாரன் அடிச்சா எனக்கே கேக்க மாட்டேங்குது" என்று டிரைவர் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

முன் சீட்டில் இயற்பியல் சார். விவாதக் குழுவை யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்ததும், அவருக்கும் அந்தக் கோப்பை மேல் ஆசை வந்துவிட்டது.

அந்தக் கோப்பையைத்தான் எதிரணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள் வக்கீலம்மா.

எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும் பத்தாம் வகுப்புக்காரி. அணித்தலைவி. இப்போது கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் சார்" என்று ஆரம்பித்தாள் குண்டூசி. அணியின் இரண்டாவது பேச்சாளர். வாய் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி. "அந்தப் பையன் இவளுக்கு என்ன, அத்தை மகனா? மாமா மகனா?"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுடீ."

"தெரியாதவனுக்கா எடுத்துக் கொடுத்தே?"

நடந்தது இதுதான். தலைப்பு: 'இன்றைய மனிதரிடம் மிஞ்சியிருப்பது சுயநலமே.' இவர்கள் 'ஆமாம்' கட்சி. வக்கீலம்மா பேசி முடித்தபோது, உலகத்தில் நல்லவர் ஒருவர்கூட இல்லை என்று நடுவர்களே நம்பிவிட்டார்கள். ஒரு நடுவர் தன் கைப்பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

எதிரணியின் கடைசிப் பேச்சாளன் எழுந்தான். ஒல்லியான பையன். வணக்கம் சொன்னான். "ஆனால்" என்றான். நின்றுவிட்டான்.

மறுபடியும் "ஆனால்" என்றான்.

மூன்றாவது 'ஆனால்' வந்தபோது அரங்கத்தில் சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆனால்?" என்று ராகம் போட்டது. பையனின் காது சிவந்தது. அவன் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

இயற்பியல் சார் மட்டும் மனசுக்குள் கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் கிசுகிசுவென்று ஒரு குரல் கேட்டது.

"ரத்த தானம்... ரத்த தானம் சொல்லு. முன்ன பின்ன தெரியாதவனுக்கு ரத்தம் குடுக்க வர்றாங்களே, அதுல என்ன சுயநலம்னு கேளு."

வக்கீலம்மாதான். தண்ணீர் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியமாகத்தான் சொன்னாள். தன் முன்னால் இருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

அரங்கமே அதிர்ந்து சிரித்தது. பையனும் சிரித்துவிட்டான். சிரித்ததும் அடைப்பு நீங்கிப் பேச்சு கொட்டியது. மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

நடுவர்கள் தலையைச் சேர்த்துவைத்துக் குசுகுசுத்தார்கள். தன் அணிக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. எதிரணிக்கு எடுத்துக் கொடுப்பாள் ஒருத்தி என்று விதி போட்டவர் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் மறுத்துப் பேச வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்கள். தன் பாயிண்ட்டுக்குத் தானே பதில் தேடித் திணறினாள். கோப்பை கைமாறியது.

"கொடுத்ததுதான் கொடுத்தே" என்றார் சார், திரும்பி. "ஏதாவது சொத்தைப் பாயிண்ட்டாப் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா?"

"அவசரத்துல நல்லதுதான் சார் வாயில வந்துச்சு."

சாரின் போன் அடித்தது. தலைமை ஆசிரியை.

"சார், போட்டி என்னாச்சு?"

"மேடம், அது வந்து... நம்ம வக்கீலம்மா சொன்ன பாயிண்ட்டுக்குத்தான் மேடம் கோப்பையே கிடைச்சுது."

"எனக்குத் தெரியும் சார். அந்தப் பொண்ணு சாதிச்சிடுவான்னு சொன்னேன்ல. நாளைக்கு அசெம்பிளில எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லிடுங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. சார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இங்க பாரும்மா. நாளைக்கு நான் உண்மையைச் சொல்லியாகணும். அந்தப் பையன் நின்ன நிலையைப் பார்த்து மனசு கேக்காம, இரக்கப்பட்டு உதவி பண்ணினேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. மேடம் திட்ட மாட்டாங்க. மெச்சிக்குவாங்க."

"அய்யோ, இரக்கம்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று பதறினாள் வக்கீலம்மா. "அப்புறம் நம்ம அணி பேசினதெல்லாம் பொய்னு ஆயிடும். சுயநலம்னே சொல்லுங்க."

"கோப்பையைத் தூக்கிக் கொடுத்ததுல உனக்கு என்னம்மா சுயநலம்?"

வக்கீலம்மா மேடையில் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நிமிர்வது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சிரிப்பு வாங்கிக்கிட்டு இன்னைக்கு அப்படியே இறங்கிப் போயிருந்தான்னா, அவன் இனிமே மேடைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டான் சார். அப்புறம் அடுத்த வருஷம் நான் யார்கூடச் சண்டை போடறது?"