விராலுக்கு வால் சரியில்லை

“வாலு சரியில்ல வில்சன்!”

துண்டைப் பிரித்து மர விராலை மேஜைமேல் வைத்தார் தீர்த்தகிரி.

வந்துட்டாருய்யா மகராசன் என்று ஜெஸ்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெல்லிவாசலில் டீக்கடை வைத்திருப்பவர். கடையில் வைக்க அவள் புருஷன் வில்சனிடம் வாங்கியது ஒரே ஒரு மீன். வாரம் தவறாமல் மலையிலிருந்து ஜீப் ஏறி ஒடுகத்தூர் வந்து அதில் ஒரு குத்தம்!

வில்சன் செதுக்கி வண்ணம் அடித்தால் பூனையே ஏமாந்துபோகும். எல்லாம் பக்கவாதம் வரும் வரைக்கும்தான். இப்போது டம்ளரைப் பிடித்தாலே வலது கை நடுங்குகிறது. கை திரும்ப வருமோ வராதோ என்று அவள் ஜெபமாலை உருட்டாத நாளில்லை.

“ஏன்ணா, முடியாத மனுஷன்னு ஈவு இரக்கம் வாணாம்?”

“மீனுன்னு காசு வாங்கினா மீனாட்டம் இருக்கணும்ல?”

“நீ உள்ள போ ஜெஸ்ஸி” என்று வில்சன் பிரஷ்ஷை எடுத்தார்.

ஒரு சாண் வாலுக்குச் சாயங்காலம் வரை ஆனது. சாமை விளைச்சல், கரடி வந்த கதை, ஊர் வம்பு என்று இருவரும் பேசித் தள்ளினார்கள்.

போகிற அவசரத்தில் தீர்த்தகிரி குடையை விட்டுப் போய்விட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஜெஸ்ஸி ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

ஜீப்புக்குள் தீர்த்தகிரி, காய்ந்தும் காயாத வாலைச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அடப்பாவி மனுஷா! இன்னா பண்றீங்க?”

“கத்தாதம்மா! கை சரியாவ டாக்டர் பந்தை அமுக்கச் சொன்னா தூக்கிப் போட்டுட்டாருன்னு நீதானே அழுத? குத்தம் சொன்னாத்தான் ரோஷம் வந்து பிரஷ்ஷ எடுக்கறான். அவனுக்குத் தெரிஞ்சிடப் போவுது!”

ஜெஸ்ஸி குடையை அவர் கையில் கொடுத்தாள். இவரையா வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று கண் கலங்கிப்போனது. வில்சனிடம் மூச்சு விடக்கூடாது என்று நினைத்தபடியே வீடு திரும்பினாள்.

“அடுத்த வாரமும் வருவாரு போல” என்றாள், சும்மா சொல்வதுபோல.

“வரட்டும். பொஞ்சாதி போனதுலேருந்து பேச ஆளில்லாம கெடக்கறான். சும்மா வாடான்னா வர மாட்டான், வறட்டு கவுரவம். அவன் சொரண்டத் தோதா இருக்கட்டும்னுதான் வாலுக்கு மட்டும் வார்னிஷே அடிக்காம குடுத்தனுப்பறேன்.”